எத்தனை நாளாச்சு?

ஞாயிற்றுக்கிழமை நான் கிளினிக்கைத் திறப்பதில்லை. மாடியில் வீடு, கீழே கிளினிக். போன மாதம் ஒரு ஞாயிறு விடிகாலை கோலம் போட இறங்கினால், ஷட்டரில் சாய்ந்தபடி பக்கத்துத் தெருப் பையன் நிற்கிறான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ராத்திரி பஸ்ஸில் வந்தவன், பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே இங்கே வந்திருக்கிறான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். அவன் செல்போனை நீட்டினான். தன் நாக்கைத் தானே டார்ச் அடித்து எடுத்த படங்கள், பதினேழு. நாக்கின் பின்கோடியில், தொண்டைக்குச் சற்று முன்னால், வரிசையாகச் சிவந்த மேடுகள்.

"கேன்சர்தானே ஆன்ட்டி? ராத்திரி பூரா படிச்சுக்கிட்டே வந்தேன்."

"எத்தனை இருக்குன்னு எண்ணினியா?"

எண்ணியிருந்தான். ஒன்பது.

அந்த ஒன்பதும் அவனோடு பிறந்தவை. எல்லோர் நாக்கிலும் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும். அம்பு முனை தொண்டையைப் பார்த்திருப்பதுபோல இரண்டு சாய்ந்த வரிசையாக நிற்கும். சுவை மொட்டுகள் குடியிருக்கும் மேடுகள் அவை. நம் தாத்தா பாட்டி யாரும் தங்கள் நாக்கின் அந்தக் கோடியைப் பார்க்காமலே வாழ்ந்து போனார்கள். இப்போது ஆளுக்கொரு டார்ச் சட்டைப் பையில் இருப்பதால் பார்க்கிறோம். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். உள்ளே கூப்பிட்டு, என் நாக்கை நீட்டி, என்னுடைய வரிசையை அவனுக்குக் காட்டினேன். ஒரு வாரம் தூங்காத பையன், நாற்காலியிலேயே உட்கார்ந்து சிரித்தான். பிறகு லேசாக அழுதான்.

அவனை அனுப்பிவிட்டுக் கோலத்தை முடிக்கும்போது, பூக்கட்டும் அம்மா ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரும் மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தவர்தான். அவர் பயப்படாமல் வந்தார். "இந்தப் பல்லு குத்துதும்மா, புடுங்கி விட்டுடுங்க. சாயங்காலம் பூ கட்டணும்" என்றார். வாயைத் திறந்தால் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து கத்திபோல நின்றது. அதை ஒட்டி, நாக்கின் இடது ஓரத்தில், சோளப்பொரி அளவுக்கு ஒரு தடிப்பு. நடுவில் சின்னக் குழி. விளிம்பு மட்டும் உயர்ந்து, சுருட்டி வைத்ததுபோல இருந்தது.

"நாக்குல இது என்னம்மா?"

"வலியெல்லாம் இல்லம்மா. அதுபாட்டுக்கு இருக்கு."

"எத்தனை நாளாச்சு?"

விரல் விட்டு எண்ணினார். மாசி மகத்துக்குப் போனபோது இருந்ததாம். அவர் வந்தது ஆனி மாதம்.

இருபத்துநான்கு வருஷமாகக் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் ஒரு சிறிய ஊரில் பல் மருத்துவராக இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கற்றதை ஒரு வரியில் சொல்லச் சொன்னால், நாக்கில் கட்டியோ புண்ணோ என்று யார் வந்தாலும் "வலிக்குதா" என்பது இரண்டாவது கேள்வி, "எத்தனை நாளாச்சு" என்பதுதான் முதல் கேள்வி என்பேன். நம் ஊரில் இது தலைகீழாக இருக்கிறது. மருந்துக்கடையிலும் வீட்டிலும் வலியைத்தான் விசாரிக்கிறார்கள். பல ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான். வலி இல்லை என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

நாக்கைப் பொறுத்தவரை வலி ஒரு மோசமான சாட்சி. உயிரே போவதுபோல வலிப்பவை பெரும்பாலும் தாமே போய்விடும். நாக்கு நுனியில் திடீரென்று வெள்ளையாகவோ சிவப்பாகவோ கடுகளவு பரு கிளம்பி, காபி பட்டால் கண்ணில் நீர் வரவைக்குமே, அது நாக்கின் மேலுள்ள நுண்ணிய மேடு ஒன்று கடிபட்டோ சூடுபட்டோ காரம் பட்டோ வீங்கியது. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். பொய் சொன்னால்தான் அது வரும் என்பாள் என் பாட்டி. அப்படியானால் எங்கள் தெருவில் யாரும் காபி குடிக்க முடியாது. நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவப்புக் கரை கட்டி வரும் வாய்ப்புண்ணும் இப்படித்தான். பேச விடாது, சாப்பிட விடாது. ஆனால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் ஆறிவிடும். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு வரும், சில பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி வரும். அடிக்கடி வந்துகொண்டே இருந்தால் ரத்தத்தில் இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மணத்தக்காளிக் கீரையை நான் குறை சொல்லவில்லை. நானும் சாப்பிடுகிறேன். ரத்தச்சோகைக்குக் கீரை மட்டும் போதாது, அவ்வளவுதான்.

வலிக்காமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் சாதுக்களும் உண்டு. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடித்துக் காய்ப்பு விழுந்ததுபோல, சுற்றியுள்ள நிறத்திலேயே வழவழப்பாக ஒரு முடிச்சு நிற்கும். உபத்திரவம் என்றால் எடுத்துவிடலாம். பிள்ளைகளுக்கு நாக்கின் அடியில், நுனிக்குப் பக்கத்தில் நீர்க்குமிழி போல வரும். உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்றின் வாய் அடைபட்டோ கிழிந்தோ தேங்குவது அது. உடைந்து வடியும், மறுபடி நிரம்பும். காலிஃபிளவர் பூவின் ஒரு துளிபோல வெளுத்த மரு ஒன்று வைரஸால் வரும். ஆஸ்துமாவுக்கு மருந்து இழுப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், பல்செட்டைக் கழற்றாமல் தூங்குகிறவர்கள் ஆகியோருக்குத் தயிர் ஆடை படிந்ததுபோல வெள்ளைப் பூஞ்சை படரும். துணியால் வழித்தால் வந்துவிடும், அடியில் சிவந்திருக்கும். மருந்து இழுத்ததும் வாய் கொப்பளித்தாலே பல பேருக்கு அது வராது. நாக்கில் தேசப்படம் வரைந்ததுபோலத் திட்டுத் திட்டாக வந்து, போன வாரம் இருந்த தீவு இந்த வாரம் இடம் மாறியிருக்கிறது என்று வருவோரும் உண்டு. இடம் மாறுகிறது என்பதே நல்ல செய்தி.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. நாக்கின் இரண்டு ஓரத்திலும், பின்பக்கம், மீனின் செவுள்போலச் செங்குத்தான மடிப்புகள் இருக்கும். சளி பிடித்தால் அவை வீங்கிச் சிவக்கும். இடது பக்கம் இருப்பதுபோலவே வலது பக்கமும் இருந்தால் பெரும்பாலும் அது உடம்பின் அமைப்பு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதைவிடத் தொடுவது முக்கியம். வீக்கம் மெத்தென்று இருக்கும். கெட்டது கெட்டியாக இருக்கும். நாக்குச் சதைக்குள் ஒரு புளியங்கொட்டை புதைந்ததுபோல விரலுக்குத் தட்டுப்படும். அதை ஒருமுறை தொட்ட விரல் மறக்காது.

என் விரல் அதைத் தொடாமல் விட்ட ஒரு நாளும் உண்டு. அதை எழுதாமல் மற்றவர்களுக்கு அறிவுரை சொல்வது சரியல்ல. கிளினிக் ஆரம்பித்த புதிதில், ஐம்பது வயதைத் தாண்டிய லாரி டிரைவர் ஒருவர் வந்தார். பல்லைப் பிடுங்க வேண்டும், நாக்கில் உரசுகிறது, காதும் வலிக்கிறது என்றார். உடைந்த பல்லை எக்ஸ்ரே எடுத்தேன். காது வலி பல்லிலிருந்துதான் என்று சொன்னேன். சுத்தமாக, வேர் உடையாமல் பிடுங்கினேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாக்கை ஒதுக்க கண்ணாடியால் தள்ளினேனே தவிர, நாக்கைப் பார்க்கவில்லை. நாக்குக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. நாக்கின் ஓரத்தில் ஆழமாக ஏதாவது இருந்தால் காது வலிக்கும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். நான்கு மாதம் கழித்து அவருடைய மனைவி பாக்கிப் பணம் கொடுக்க வந்தார். கணவர் கழுத்தில் கட்டியோடு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகச் சொன்னார். அந்த அம்மா என்னைக் குறை சொல்லவே இல்லை. அடுத்த தீபாவளிக்கு அந்த டிரைவர் இல்லை.

அன்றிலிருந்து பல் சுத்தம் செய்ய வந்தாலும் சரி, பிள்ளைக்குக் கம்பி கட்ட வந்த அப்பாவாக இருந்தாலும் சரி, நாக்கைப் பிடித்து இழுக்காமல் விடுவதில்லை. ஒரு துண்டு காஸ் துணியால் நுனியைப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிறகு மேலே தூக்கி அடிப்பக்கம். விரலால் ஒரு தடவல். தாடைக்குக் கீழே கழுத்தில் ஒரு தடவல். ஒரு நிமிஷம்கூட ஆகாது. "பல்லுக்கு வந்தா நாக்கை ஏன்மா இழுக்கறீங்க" என்று கேட்காதவர் குறைவு.

அந்த ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பக்கத்து மாநிலத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1996-ல் திருவனந்தபுரம் பக்கம் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் 35 வயதைத் தாண்டியவர்களின் வாயை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். கண்ணும் விரலும் வெளிச்சமும்தான் கருவி. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அடங்கிய அந்த ஆய்வின் முடிவு 2005-ல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில், வாய்ப் புற்றுநோயால் சாவது 34 சதவீதம் குறைந்திருந்தது. மொத்த ஜனங்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே யார் வாயை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

2022-ல் இந்தியாவில் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1.4 லட்சம் பேர் என்கிறது உலக மதிப்பீடு. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நம் நாட்டில் இதுதான் முதலிடம். 30 வயதைத் தாண்டியவர்களின் வாயைச் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016-லேயே வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் என்றைக்காவது வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் தேறினார். நம் மாநிலத்தில் 2023-ல் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி மாவட்டங்களில் மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றோடு வாயையும் சேர்த்து வீடு தேடிப்போய் அழைக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீட்டு வாசல் வரைக்கும் வருகிற பெண்கள் கையில் ஒரு டார்ச்சும் கொஞ்சம் பயிற்சியும் கொடுத்து, போயிலை போடுகிறவர் வாயை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால் என்ன என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அதைவிடப் பெரிய ஆதங்கம் மருந்துக்கடையில் இருக்கிறது. பூக்கட்டும் அம்மாவின் நான்கு மாதம் எங்கே போனது என்று விசாரித்தேன். வாராவாரம் பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் "வாய்ப்புண்ணுக்கு" என்று கேட்டிருக்கிறார். மஞ்சள் நிறத்தில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து தடவையாவது இருக்கும். ஒரே முகம், ஒரே புண், ஒரே மாத்திரை. கல்லாவில் நின்றவர் ஒருமுறை "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டிருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே அவர் என்னிடம் வந்திருப்பார். டாக்டர் ஃபீஸுக்குப் பயந்து மருந்துக்கடைக்குப் போகும் ஊர் இது. அதைத் திட்டி மாற்ற முடியாது. ஆகவே மாவட்டம்தோறும் மருந்து வணிகர்களை உட்கார வைத்து, வாய்ப்புண் மாத்திரையைக் கையில் எடுக்கும் முன் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் மாத்திரை கிடையாது, டாக்டர்தான். செலவில்லாத சீர்திருத்தம். அதனால்தானோ என்னவோ யாரும் செய்யவில்லை.

ஏன் இரண்டு வாரம்? வாயின் உள்தோல் மிக வேகமாக ஆறுவது. கடிபட்ட காயம் ஒரு வாரத்தில் தெரியாமல் போகும். குத்துகிற பல்லை மழுக்கிவிட்டு, உரசுகிற பல்செட்டைச் சரிசெய்துவிட்டு, இரண்டு வாரம் பார்த்தும் ஒரு புண் அப்படியே இருந்தால், அது ஆறுவதற்காக வந்தது இல்லை. சிறிய துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதோடு, வழித்தால் வராத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு (இது வெள்ளையைவிட மோசம்), காரணமில்லாமல் ரத்தக் கசிவு, ஒரு பக்கம் மரத்துப் போவது, நாக்கை முழுசாக நீட்ட முடியாமல் ஒரு பக்கம் இழுப்பது, கழுத்தில் நெறிக்கட்டி இறங்காமலிருப்பது. இவற்றுக்கெல்லாம் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

துண்டு எடுப்பது என்றதும் முகம் மாறிவிடும். "கத்தி பட்டா பரவிடுமாமே?" இதைக் கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. மரப்பு ஊசி போட்டு, உளுந்து அளவு சதை எடுத்து, ஒன்றிரண்டு தையல். அதனால் பரவுவதில்லை. கத்திக்குப் பயந்து சித்திரைக்குப் பார்க்கலாம், ஆடி கழியட்டும் என்று தள்ளிப்போடும் நாள்களில்தான் பரவுகிறது.

போயிலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் வாயைப் பற்றி எழுத முடியாது. வெற்றிலைக்குப் பேர்போன மண் இது. வெறும் பாக்குதானே என்பார்கள். புகையிலை சேராத பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் சொல்லிவிட்டது. பாக்குத் தூளைக் கன்னத்தில் அடக்கும் பையன்களுக்கு வாயின் உள்தோல் நார் கட்டி இறுகி, மூன்று விரல் செங்குத்தாக நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல் நுழைவதில்லை. இருபத்திரண்டு வயதில் இட்லியைப் பிய்த்துத் திணித்துக்கொள்பவனைப் பார்த்திருக்கிறேன். பழக்கம் ஒன்றுமே இல்லாத முப்பது வயதுப் பெண்ணின் நாக்கிலும் புற்றைப் பார்த்திருக்கிறேன். "எனக்குத்தான் எந்தப் பழக்கமும் இல்லையே" என்பது தைரியம் தரலாம், சோதனையைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

பூக்கட்டும் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பல்லைப் பிடுங்கவில்லை, முனையை மட்டும் மழுக்கினேன். இரண்டு வாரம் காத்திருக்க எனக்கு மனமில்லை, விளிம்பின் கெட்டித்தனம் அப்படி. மறுநாளே துண்டு எடுக்க அனுப்பினேன். வந்த சீட்டில் நான் பயந்ததுதான் இருந்தது. ஆனால் சின்னது, இரண்டு சென்டிமீட்டருக்குள். அரசு காப்பீட்டு அட்டையிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. நாக்கில் இருப்பதற்குக் கழுத்தை ஏன் கிழிக்கிறார்கள் என்று அவர் மகன் என்னிடம் சண்டைக்கு வந்தான். கழுத்தில் நெறி தெரிகிற வரைக்கும் காத்திருப்பதைவிட, முதல் அறுவையிலேயே அதையும் எடுத்தால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2015-ல் காட்டியதை அவனுக்கு ஒரு காகிதத்தில் போட்டு விளக்கினேன். மூன்று வருஷக் கணக்கில் நூற்றுக்கு 80 பேர், காத்திருந்தவர்களில் 67 சொச்சம். "பதிமூணு பேர்" என்று கழித்துச் சொன்னான். பிறகு ஒன்றும் பேசவில்லை.

பையன் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரிடம் பூ வாங்கப் போனேன். கழுத்தில் தழும்பு தெரிய, அதே இடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். மூன்றில் ஒரு பங்கு நாக்கு இல்லை. "முழம்" என்பது அவருக்கு "முயம்" என்று வருகிறது.

"பேச்சுப் பயிற்சிக்கு ஒழுங்கா போறீங்களா? 'ழ' இன்னும் வரலையே" என்றேன்.

முழத்தை அளந்து அறுத்து, வாழை நாரில் முடிந்து கையில் கொடுத்தபடி சொன்னார்: "முன்னாடி மட்டும் வந்துச்சாக்கும்?"